மேடைக்கு இடதுபுறம்

பதிவாளர் கோமதிநாயகம் வரவேற்புரையில் துணைவேந்தருக்கு இரண்டாம் முறையாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மேடைக்கு இடதுபுறம் நின்று அதைச் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருந்த தபித்தா, மூன்றாவது வரிசையில் தன் தம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்தது கண்தான். கைகள் அவற்றின் பாட்டுக்கு நன்றி, பெருமை, மகிழ்ச்சி, மறுபடியும் நன்றி என்று ஓடிக்கொண்டிருந்தன. வரவேற்புரைக்குப் பெரிய யோசனை வேண்டியதில்லை, பாதி மனசை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் கை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கிதியோன்தானா? மீசை வைத்திருக்கிறான். அப்பா மாதிரி நுனியை மேலே தள்ளிவிடாமல், உதட்டை ஒட்டி வெட்டிய மீசை. கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். கட்டம் போட்ட சட்டை மெர்லின் எடுத்துக்கொடுத்ததாக இருக்கும், அவனாக இப்படி எடுக்க மாட்டான். மெர்லின் அவன் மனைவி, அவளுக்கும் காது கேட்காது, இன்றைக்கு வரவில்லை போல. பக்கத்தில் இருப்பவர்கள் தூத்துக்குடிக் காது கேளாதோர் சங்கத்து ஆட்கள். அவர்கள் வேன் பிடித்து வருவதாகத்தான் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையில் சொன்னார்கள், அவர்கள் கடிதம் போட்டுக் கேட்டதால்தான் தபித்தாவையே கூப்பிட்டிருந்தார்கள். இவன் அதில் இருப்பான் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லையா, யோசித்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டாளா? அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நாலு வருஷம். வீடியோ அழைப்பை எடுப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மாவைப் பார்க்க வந்தால் தபித்தா கிளம்பிப் போன பிறகு வருவான். நாலு வருஷமாக அவள் முகத்தைப் பார்க்காதவன் இனி ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் முகத்தையும் கையையும்தான் பார்த்தாக வேண்டும், கண்ணைத் திருப்பினால் அவனுக்கு அங்கே பேச்சே இல்லை. அதைத் தெரிந்துதானே வந்திருப்பான். வேண்டாம் என்றால் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. நன்றி, வணக்கம், கைதட்டல். காது கேளாதவர்கள் கைதட்டும் விதமாக மூன்றாவது வரிசையில் கைகள் மேலே எழும்பி ஆடின. அவன் கைகள் மடியில் இருந்தன.

ஊர்மக்களுக்காகப் பல்கலைக்கழகம் தொடங்கிய சொற்பொழிவு வரிசையில் இது முதல் கூட்டம். பேச வந்தவர் டாக்டர் மரகதவல்லி, சிறுநீரக மருத்துவர். நல்லவேளை, நிதானமாகப் பேசுகிறவர். மைக்கைச் சரிசெய்துகொண்டு, "நம்ம முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழ, கைமுட்டி அளவுல ரெண்டு வடிகட்டி இருக்கு" என்று ஆரம்பித்தார். தபித்தாவின் கை தன் முதுகுக்குப் போய் இரண்டு முட்டிகளை அங்கே வைத்துவிட்டு வந்தது. இப்படிப்பட்ட பேச்சு கைக்கு எளிது, பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. ரத்தம் வருகிறது, வடிகிறது, சுத்தமாகிப் போகிறது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், இரண்டு பேரைப் போடுங்கள் என்று சொல்லித்தான் பார்த்தாள். "ஒரு மேடம் போதும்ல, அழகாப் பண்ணிருவீங்க" என்றுவிட்டார்கள். இப்போதே தோள்பட்டையில் பிடிக்கத் தொடங்கியிருந்தது. தோளைப் பற்றி நினைக்காதே. கிதியோன் அசையாமல் பார்க்கிறான். அவன் இப்படிப் பார்ப்பது சின்ன வயதுப் பழக்கம், கண் கொட்டினால் எதையாவது விட்டுவிடுவோம் என்கிற பார்வை. சாப்பாட்டு நேரத்தில் அப்படித்தான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருப்பான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த அப்பா கம்பத்தில் ஏறினதைப் பற்றி ஏதாவது சொல்வார், பெரியப்பா அதற்கு ஒன்று சொல்வார், வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அவனும் சிரிப்பான், எதற்கு என்று தெரியாமலேயே, பிறகு தபித்தாவின் முழங்கையைத் தட்டி என்ன என்று கேட்பான். அவள் வாயில் சோறு இருக்கும், கையில் சோறு இருக்கும், சைகை காட்ட இடது கைதான் மிச்சம். பொறவு சொல்லுதேன் என்று காட்டுவாள். அந்த வீட்டில் அம்மா, அப்பா, பெரியப்பா, வந்துபோகிறவர்கள் எல்லாரும் அறிந்திருந்த ஒரே சைகை அதுதான், பொறவு. கையைப் பின்னால் ஒரு தள்ளு. பொறவு எப்போது வந்தது? பொறவு அவளுக்கே மறந்திருக்கும், அல்லது அந்தச் சிரிப்பு ஆறிப்போய் ஒன்றுமில்லாமல் ஆகியிருக்கும். "அப்பா விழப் பார்த்தாராம்" என்று நாலு வார்த்தையில் சொல்வாள், அவன் இதற்கா இவ்வளவு சிரிப்பு என்பதுபோலப் பார்ப்பான். டாக்டர் கிரியேட்டினின் என்றார். அதற்குத் தனிச் சைகை கிடையாது, இரண்டு கையாலும் எழுத்து எழுத்தாகக் காட்டியாக வேண்டும். காட்டி முடிப்பதற்குள் டாக்டர் இரண்டு வாக்கியம் முன்னால் போய்விட்டார். பிடி, ஓடிப் பிடி. உப்பைக் குறை. வலி மாத்திரையை உன் இஷ்டத்துக்குப் போடாதே. அப்பா முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி வாங்கி முழுங்கின மாத்திரை, மஞ்சள் அட்டை, ஜன்னல் விளிம்பில் பாதி கிழிந்து கிடக்கும். வலி மாத்திரை என்று காட்டும்போது கிதியோனின் முகத்தில் ஏதோ நகர்ந்தது. அவனுக்கும் அந்த அட்டை ஞாபகம் வந்திருக்கும். வந்திருக்குமா? முன்பெல்லாம் அவன் முகத்தில் எது ஓடினாலும் அவளுக்குத் தெரியும். இப்போது மீசை குறுக்கே நிற்கிறது.

"அஞ்சு கட்டம்னு பிரிச்சு வச்சிருக்கோம்" என்றார் டாக்டர் மரகதவல்லி. திரையில் ஒரு ஏணி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று வரைக்கும் பெரிதாகப் பயப்பட வேண்டாம். தபித்தாவுக்கு ஏணியின் அடிப்படி எங்கே போய் முடிகிறது என்று தெரியும், அதை நோக்கிக் கைகள் இறங்கிக்கொண்டிருப்பதும் தெரியும், நிறுத்த வழியில்லை. மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தருவதே அதுதான்: கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே, உனக்குப் பிடிக்காததைச் சொன்னாலும் சொல்லு. பயிற்சிக்குப் போனபோது அவளுக்கு இருபத்தைந்து வயது, அதற்கு முன்னால் வீட்டில் இருபது வருஷம் கூட்டியும் குறைத்தும் மாற்றியும்தான் பழக்கம். நீதிமன்றத்தில் அவள் எதையும் குறைத்ததில்லை. காவல் நிலையத்தில் ஒரு பெண் தன் மாமனார் செய்ததைச் சொன்னபோது ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தாள். அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் குறைத்தாள். அந்த டாக்டர் ஆண், வயசானவர், கால் மணி நேரம் பேசினார். ரெண்டு கிட்னியும் போயிட்டும்மா. இருதயம் தாங்காது, டயாலிசிஸ் போட முடியாது. இன்னும் சில நாள்தான், வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னாலும் கொண்டுபோகலாம். அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அவங்கிட்ட இப்பம் சொல்லிராத. வார்டுன்னும் பார்க்க மாட்டான், கத்தித் தீத்துருவான். பொறவு பதமாச் சொல்லுவோம்" என்றாள். பிடித்திருந்தது கையை. பேச்சு போகிற கையை. சுவரோரமாக நின்ற கிதியோன் டாக்டர் வாயையும் அம்மா வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டாக்டர் போனதும் என்ன சொன்னார் என்று கேட்டான். கால் மணி நேரமா சொன்னாரே, என்ன? அம்மா சொன்னதால்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள், அதில் பொய் இல்லை, ஆனால் அது முழுசும் இல்லை. வாயால் சொல்கிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, சொல் வாயை விட்டு வெளியே போய்விடும், சொன்னவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கலாம். கையால் சொல்வதற்கு முகமும் வேண்டும், கண்ணும் வேண்டும், உடம்பு பூராவும் அந்தச் சொல்லாக ஆக வேண்டும். அப்பா சாகப்போகிறார் என்று காட்டினால் அப்பா முதலில் அவள் கையில்தான் சாவார். அவளால் அன்றைக்கு அது ஆகவில்லை. சரியாகும், மருந்து தருகிறார்கள் என்று காட்டினாள். அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிச்சலைத்தான் அவளால் இன்றுவரை தள்ள முடியவில்லை. செல்போன் கடையை ரொம்ப நாள் பூட்டி வைக்க முடியாது, சரியாகுமென்றால் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினான். வெள்ளிக்கிழமை அப்பா போய்விட்டார்.

"அஞ்சாவதுதான் கடைசிக் கட்டம்" என்றார் டாக்டர் மரகதவல்லி. "இதுல சில பேருக்கு டயாலிசிஸ்கூடச் செய்ய முடியாத நிலைமை இருக்கும். அந்த மாதிரி நேரத்துல குடும்பத்துல உள்ள எல்லார்கிட்டயும் நாங்க வெளிப்படையாப் பேசிருவோம், இன்னும் கொஞ்ச நாள்தான்னு." தபித்தா காட்டினாள். கடைசிக் கட்டம். முடியாது. குடும்பம், எல்லாரும், மறைக்காமல். கொஞ்ச நாள். கையும் முகமும் தம் வேலையைச் செய்தன, அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நீதிமன்றத்தில் எப்படியோ அப்படி. அப்படியானால் அன்றைக்கும் முடிந்திருக்கும் இல்லையா? வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் முடியும். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறவனுக்கு நேராக, அவனுக்குச் சேர வேண்டிய சொற்கள், வேறு ஒரு டாக்டரின் வாய் வழியாக நாலு வருஷம் சுற்றிக்கொண்டு வந்து சேருகின்றன. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். புரிந்தது என்கிற ஆட்டலா, அப்படியா சேதி என்கிற ஆட்டலா? பக்கத்து ஆள் ஏதோ கேட்க, அவன் கண்ணை எடுக்காமலே கையைச் சற்று உயர்த்தி, பொறு என்றான். அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் அவன் அவளைக் கேட்டது, அத்தனை பேருக்கும் தெரியுமா, எனக்கு மட்டும்தான் தெரியாதா என்று. பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார், எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், அவர்கள் இரண்டு பேர் கண் மட்டும் திறந்திருந்தது. அவள் கை, அவள் சொல்லாமலே, பழக்கத்தில், பொறவு என்று பின்னால் ஒரு தள்ளு தள்ளியது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். பேசுகிறவன் வாயை மூடினால் மறுபடி திறப்பான் என்று இருக்கலாம், கையால் பேசுகிறவன் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டால் அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

கைதட்டல். டாக்டர் தண்ணீர் குடித்தார். தபித்தாவுக்கும் தொண்டை காய்ந்திருந்தது, பாட்டில் படியோரத்தில் இருக்கிறது, குனிந்து எடுப்பதற்குள் பதிவாளர் மைக்குக்கு வந்துவிட்டார். தனக்கு ஆட்சிக்குழுக் கூட்டம் இருப்பதால், கேள்வி பதிலுக்கு முன்பாகவே வரவிருக்கும் நிகழ்ச்சிகளை அறிவித்துவிடுவதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை முதலுதவிப் பயிற்சிப் பட்டறை, அனுமதி இலவசம். அதற்கடுத்த வாரம் மாடித்தோட்டம் அமைப்பது பற்றி ஒருநாள் பயிற்சி. இயற்பியல் துறை மாடியில் தொலைநோக்கி வழியே வியாழனும் நிலவும், குழந்தைகளையும் அழைத்து வரலாம். வளாகத்து மரங்களை அறிந்துகொள்ள ஒரு காலை நடை. கல்வெட்டு எழுத்துகளை வாசிக்கப் பழகுவோம். "பல்கலைக்கழகத்தின் கதவுகள் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்தே இருக்கின்றன" என்றார். அனைவருக்கும், என்று கையை அகல விரித்துக் காட்டியபோது தபித்தாவுக்கு உள்ளே ஏதோ தட்டியது. மரங்கள், நிலவு, கல்வெட்டு, எல்லாவற்றையும் அவள் ஆசை காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறாள், இவற்றில் எதற்கும் அவளை அழைக்கவில்லை. இந்த ஒரு கூட்டத்துக்குத்தான் உத்தரவு. மரத்தடியில் ஒருவர் நின்று அரை மணி நேரம் பேசுவார், தூத்துக்குடி ஆட்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதைச் சொல்வது அவள் வேலை இல்லை, மேடையில் நிற்கிறவளுக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது, அவள் ஒரு குழாய். தொலைநோக்கி என்று காட்டும்போது கிதியோனின் புருவம் ஏறியது. சின்னதில் அப்பாவின் டார்ச்சைப் பிரித்துப்போட்டு அடி வாங்கினவன். இப்போது செல்போன் பழுது பார்க்கிறான், நல்ல கைராசிக்காரன் என்று ஊரில் பேர். கேள்விகள் ஆரம்பித்தன. முன்வரிசையில் ஒருவர் இளநீர் குடிக்கலாமா என்று கேட்டார். ஒரு அம்மாள் தன் மருமகளுடைய ரிப்போர்ட்டை நீட்டினாள். பதிவாளர் மேடையை விட்டு இறங்கப் போகிறபோது மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. தபித்தா அதை முன்பே எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, ஏனென்றால் மனசு திடுக்கிடவில்லை.

கிதியோன் எழுந்து நடைபாதைக்கு வந்தான், எல்லாரும் பார்க்கும் இடத்துக்கு. விரிவாக்கத் துறைப் பெண் ஒருத்தி தபித்தாவின் கையில் மைக்கைத் திணித்துவிட்டுப் போனாள். இனி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், கையிலிருந்து குரலுக்கு. கையால் பேசுகிறவர் நான் என்றால் நீயும் நான் என்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் முதல் நாள் பாடம். "என் பேரு கிதியோன்" என்றாள் தபித்தா. "தூத்துக்குடியில செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். ஒரு டாக்டர் பேசி, அதை முழுசா நான் தெரிஞ்சுக்கிட்டது வாழ்க்கையில இதுதான் முதல் தடவை. அதுக்கு நன்றி." டாக்டர் கை கூப்பினார். அவன் கைகள் வேகமெடுக்கவில்லை, ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பேசினான், குரல் கொடுக்கிறவளுக்கு வசதியாகப் பேசுகிறமாதிரி. "எங்க அப்பாவும் கிட்னி போயித்தான் இறந்தாரு. அன்னைக்கு டாக்டர் கால் மணி நேரம் பேசினாரு. எனக்கு வந்து சேர்ந்தது ஒரு வரி. சரியாகும், மருந்து தாராங்க." அவள் குரல் எப்படி ஒலிக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கோபமாகச் சொல்ல வேண்டுமா? அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள், இருந்தால் அதையும் குரலில் ஏற்ற வேண்டும், இல்லாத கோபத்தை ஏற்றினாலும் தப்பு, இருப்பதை இறக்கினாலும் தப்பு. அவன் நிறுத்தினான். அவளைப் பார்த்து அடுத்ததைச் சொன்னான். சொன்னது எங்க அக்கா. இப்ப இந்த மைக்குல பேசுறதும் எங்க அக்காதான். தபித்தா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரங்கத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள், சைகை தெரிந்தவர்கள் அந்த ஒரு வரிசைதான், அவர்களுக்குக் காது கேட்காது. அவள் இதைச் சொல்லாமல் தாண்டிப்போனால் ஒருவருக்கும் தெரியாது. காது கேட்கிறவர்களுக்கு அவன் என்ன சொன்னான் என்று தெரியாது, அவனுக்கு அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. இந்த இடைவெளியில்தான் அவள் அத்தனை வருஷமும் இருந்தாள், இதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடலாம். அம்மா சொன்னதை மெதுவாக்கி, இவன் சொன்னதை இனிப்பாக்கி, இரண்டு பக்கமும் நல்லபெயர் எடுத்து. மூன்று வினாடி இருக்குமா? அதற்குள் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார், மைக் ரிப்பேரோ என்பதுபோல. "சொன்னது எங்க அக்கா" என்றாள் தபித்தா. மூச்சை இழுத்துக்கொண்டாள். "இப்ப இந்த மைக்குல பேசுறதும் எங்க அக்காதான்."

முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு அவனைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள், முன்னிருந்து பின்னாக, ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. கிதியோன் அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லிவிட்டாள் என்பதற்கு அவனுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே அத்தாட்சி அது. கடைசி வரிசை திரும்பும்வரை பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் முகம் எரிந்தது, காதுமடல் வரைக்கும். அழுகை வருமோ என்று பயந்தாள், வரவில்லை, அவன் கை மறுபடி எழுந்துவிட்டதால் அதற்கு நேரமில்லை. "என் கேள்வி டாக்டருக்கு இல்ல, பதிவாளர் சாருக்கு" என்றாள் அவன் சொன்னபடியே. "இப்ப அஞ்சாறு நிகழ்ச்சி சொன்னீங்க. அடுத்த வாரம் முதலுதவி. என் கடையில ஒரு ஆள் மயங்கி விழுந்தா நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியணும். நான் வந்தா எனக்கு மொழிபெயர்க்க ஆள் இருப்பாங்களா? இல்ல, போறவுக யாராவது பொறவு சொல்லுவாங்களா?" பொறவு என்கிற இடத்தில் அவன் அந்த வீட்டுச் சைகையைத்தான் போட்டான், கையைப் பின்னால் ஒரு தள்ளு. பதிவாளர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுவிட்டு, மேலே ஏறி வந்து மைக்கை வாங்கினார். மிக அருமையான, சிந்திக்கத்தக்க வினா என்றார். மாற்றுத்திறனாளிகளின் நலனில் பல்கலைக்கழகம் என்றைக்கும் அக்கறை கொண்டது என்றார், இதுகுறித்து உரிய குழுவில் வைத்து உரிய நேரத்தில் ஆவன செய்யப்படும் என்றார், நடுவில் இருமினார். தபித்தா எல்லாவற்றையும் காட்டினாள், இரண்டு முறை வந்த உரிய என்பதையும், இருமலையும். முன்பென்றால், பார்க்கிறோம் என்கிறார், என்று ஒரு வீச்சில் முடித்திருப்பாள். அந்த நீளமும் அந்தச் சுற்றலும் அவனுக்கும் முழுதாகப் போய்ச் சேரட்டும். கிதியோன் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தான். "சார், ஆமாவா, இல்லையா?" என்றாள் தபித்தா, அவனாக. அரங்கம் சிரித்தது. டாக்டர் மரகதவல்லியும் சிரித்தார். பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேடையில் இருந்தவர்களை ஒருதரம் பார்த்து, "முதலுதவிக்கு ஆமா" என்றார். "மத்ததுக்கு எழுதிக் குடுங்க, பார்க்கேன்." சங்கத்து ஆட்கள் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள். அரங்கத்தில் சிலர், என்ன செய்வதென்று தெரியாமல், அவர்களைப் பார்த்துத் தாங்களும் ஆட்டினார்கள்.

நன்றியுரை, தேசிய கீதம், வெளியே டீயும் மிக்சரும். கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. ஒரு அம்மாள் தபித்தாவின் தோளைத் தொட்டு, "உங்க சொந்தத் தம்பியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். தபித்தா பாட்டிலை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள். தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. போயிருப்பான். வேன் கிளம்பும். சொல்ல வேண்டியதை முந்நூறு பேருக்கு முன்னால் சொல்லியாயிற்று, வேறென்ன இருக்கிறது? நிமிர்ந்தபோது அவன் முதல் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கிட்டத்தில் பார்க்கும்போது மீசையில் இரண்டு நரை. கை வலிக்கிறதா என்று கேட்டான். வலிக்கிறது என்றாள். ரெண்டு பேரைக் கேட்டிருக்கணும் என்றான். கேட்டேன், தரவில்லை என்றாள். இது ஒரு பேச்சா, நாலு வருஷத்துக்குப் பிறகு? ஆனால் கைகள் பைக்கு வெளியே இருந்தன. கோபத்தில்தான் அப்படிக் கேட்டாயா என்று அவனைக் கேட்க நினைத்தாள், மன்னிப்புக் கேட்க நினைத்தாள், அம்மாதான் சொன்னாள் என்றும்கூடச் சொல்ல ஒரு கணம் கை எழுந்தது, இவையெல்லாம் தன் பக்கத்து ஆறுதலுக்கானவை என்று தோன்றிக் கையை இறக்கினாள். அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான், சங்கத்து ஆட்கள் அங்கிருந்து வா என்று அழைத்தார்கள். தபித்தா மேடைப் படியில் உட்கார்ந்தாள். அவன் முழங்கையைத் தட்டினாள். அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று சொல்கிறேன், உட்கார், என்று காட்டினாள். அவன் அவள் கையைப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, நீங்கள் போங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்று அவர்களுக்குக் காட்டிவிட்டு, முதல் வரிசையில் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

முதலில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், என்று ஆரம்பித்தாள். கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். உங்கள் அப்பாவுக்கு எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று கேட்டார், அம்மா தப்பாகச் சொன்னாள், நான் திருத்தினேன். இவ்வளவு தனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ரெண்டு கிட்னியும், என்று முதுகுக்குக் கையைக் கொண்டுபோனபோது அரங்கத்தின் பின்பக்கம் இருட்டியது. ஊழியர் முப்பிடாதி கதவோரம் நின்று ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார், சத்தமே இல்லாத இடத்தில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. நடுவரிசைகள் போயின. அவள் விரல்கள் மங்கின, கிதியோன் முன்னுக்குக் குனிந்தான்.

"அண்ணே, இந்தப் பக்கத்து லைட்ட மட்டும் விட்டுருங்க" என்று தபித்தா குரல் கொடுத்தாள். "பேசிக்கிட்டிருக்கோம்."

அவள் வாய் அசைந்ததைக் கிதியோன் பார்த்தான். இப்போது அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டான். அதையும் சொன்னாள்.